விழுந்தது ஆறு

விழுந்தது ஆறு. பையன் கொஞ்சமும் கூசாமல், "ரெண்டு!" என்றான்.

பக்கத்து நாற்காலியிலிருந்த ஜெயராஜ் நன்றாகவே பார்த்துவிட்டார்.

"அடடா, போச்சே!" என்று மேசையைத் தட்டினான் டிரேவர். "அக்கா, அடுத்தது நீ! குலுக்கு, குலுக்கு!"

ரிச்சர்ட்ஸ் டவுனில் மச்சான் டிரேவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்து. பிரியாணி தம்மில் இருந்தது. அது இறங்கும்வரை விளையாட டிரேவரின் மனைவி பிரிஸில்லா ஏற்பாடு செய்த ஆட்டம் இது.

ஆறு பேர், ஆளுக்கொரு பரிசு. எது யார் கொண்டு வந்தது என்று தெரியாமலிருக்க, எல்லாமே ஒரே மாதிரித் தலையணை உறைக்குள். கலைத்துப் போட்டு ஆளுக்கொன்று கொடுத்திருந்தாள். பகடையை டம்ளரில் போட்டுக் குலுக்கிக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தவர் மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு விழுந்தால் யாரோடாவது உறையை மாற்றியே ஆக வேண்டும். மற்ற எண்ணுக்கு ஒன்றுமில்லை. மணி அடிக்கும்போது கையில் இருப்பது சொந்தம்.

"மத்தவங்க பார்க்க வேணாமா?" என்று ஜெயராஜ் கேட்டதற்கு, "நம்ம வீட்ல யாருண்ணா பொய் சொல்லப் போறாங்க?" என்றிருந்தாள் பிரிஸில்லா.

சொல்லிவிட்டானே ஒருத்தன்!

அந்த ஒருத்தன் ரித்விக். ஹெப்பகோடிக்காரன். மகள் ஆஞ்சலாவோடு வேலை பார்க்கிறவன். கட்டினால் அவனைத்தான் என்று அவள் நின்றபோது ஜெயராஜ் சொன்னது இதுதான்.

"சாமி வேற, சாதி வேறன்னெல்லாம் நான் பேச மாட்டேன்மா. பொய் பேசாத பையனா இருக்கணும்."

"சரி டாடி, விருந்துக்குக் கூட்டிட்டு வரேன். நீங்களே பார்த்துட்டு இன்னைக்கே ஒரு பதில் சொல்லிடுங்க."

எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஆஞ்சலா.

"ஆறு!" என்று கத்தினாள் நோரா. ஜெயராஜின் மனைவிக்கு இப்படியொரு குரல் உண்டென்று அவருக்கே தெரியாது. "பிரிஸில்லா, கொடு உன்னோடதை!"

"அண்ணி, அநியாயம்! இப்பத்தான் அது என் கைக்கு வந்துச்சு!"

சிரிப்பும் கூச்சலுமாக உறைகள் கை மாறின. அடுத்து டிரேவருக்கும் ஆறு. அவன் எழுந்து மேசையைச் சுற்றி வந்து ரித்விக் முன்னால் நின்றான்.

"தம்பி, ஆட்டம் ஆரம்பிச்சதுலேருந்து அதைக் கட்டிப் பிடிச்சிட்டிருக்கீங்களே. என்ன தங்கமா?"

"வேணாம் அங்கிள். தூக்கிப் பாருங்க, வெயிட்டே இல்லை. ஆஞ்சலாவோடது நல்ல கனமா இருக்கு."

"துரோகி!" என்று கத்தினாள் ஆஞ்சலா. டிரேவர் அவளுடையதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

அந்தக் கலவரத்தில் ரித்விக் தன் உறைக்குள் கைவிட்டதையும் ஜெயராஜ் பார்த்தார். திருட்டுத்தனமாகத் தொட்டுப் பார்க்கிறானா? சே, குற்றம் கண்டுபிடிக்கவே வந்து உட்கார்ந்திருக்கிறோமோ என்று ஒரு கணம் தன்மேலேயே சந்தேகம் வந்தது.

ரித்விக் மறுபடி டம்ளரைக் கவிழ்த்தான். மெல்லத் தூக்கினான்.

மறுபடியும் ஆறு!

"நாலு" என்றான்.

சந்தேகம் தீர்ந்தது. நல்ல பொருள் என்று தெரிந்துகொண்டு விடாமல் பிடித்திருக்கிறான். ஒரு தலையணை உறைக்கே இத்தனை பொய் என்றால், நாளைக்கு என் பெண்ணிடம்?

மணி அடித்தது.

"விருந்தாளி முதல்ல! பிரிங்க தம்பி, பிரிங்க!" டிரேவர் கைதட்டினான்.

ரித்விக் எழுந்துவிட்டான். "தப்பா நினைச்சுக்காதீங்க அங்கிள். பரிசு எது வந்தாலும் நான்தான் பிரிப்பேன்னு அம்மா சொல்லி அனுப்பியிருக்காங்க. வண்டியில வெச்சுட்டு வந்துடறேன்."

"அட, அம்மா பிள்ளை!" எல்லோரும் சிரித்தார்கள். ஜெயராஜ் சிரிக்கவில்லை. அவன் பின்னாலேயே வாசலுக்குப் போனார்.

"நில்லுப்பா. ரெண்டு தடவை ஆறு விழுந்துச்சு. ரெண்டு தடவையும் பொய் சொன்னே. அம்மா சொன்னாங்கன்றதும் பொய்தானே?"

ரித்விக் தலையைக் குனிந்தான். "ஆமா அங்கிள்."

"அப்படி என்ன அதுக்குள்ள?"

அவன் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உறையைக் கொஞ்சமாக விரித்தான். சுற்றியிருந்த காகிதம் ஓரத்தில் கிழிந்திருந்தது. உள்ளே வெள்ளை நூலில் குரோஷா பின்னல், நடுவில் ரோஸ் நிறப் பூ.

"இதே பூதான் அங்கிள் உள்ள சோபா மேல, டிவி மேல, ஃப்ரிட்ஜ் மேல எல்லாம் இருக்கு. பிரிஸில்லா ஆன்ட்டி தன் கையால போட்டதுன்னு வந்ததுமே காட்டினாங்க. இது மடிப்பெல்லாம் மஞ்சளாகிக் கிடக்கு, எப்பவோ யாருக்கோ ஆசையா கொடுத்திருக்காங்க. வாங்கினவங்க மறந்துபோய் இங்கயே திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க போல. ஓரம் வேற வெளிய தெரிஞ்சுது, உள்ள தள்ளி விட்டேன். ஆன்ட்டி பார்த்தா மனசு உடைஞ்சிடும். கொண்டு வந்தவங்களும் எல்லார் முன்னாடியும் கூனிக் குறுகிப் போவாங்க. அதான், யார் கைக்கும் போக வேணாம்னு..."

ஜெயராஜ் குனிந்து அந்தப் பூவைப் பார்த்தார்.

"யாரு கொண்டு வந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா அங்கிள்?"

காலையில் அவசர அவசரமாக பீரோவைத் துழாவி, கைக்குக் கிடைத்ததை எடுத்துக் காகிதம் சுற்றிய ஜெயராஜ் சொன்னார்:

"தெரியலையே மாப்பிள்ளை."