மாப்பிள்ளை வீட்டு நினைவகம்

கல்யாணத் தரகர் தெய்வநாயகத்தின் கைபேசியில் இருந்த ஏஐ உதவியாளருக்கு வீட்டுக்கொரு நினைவகம் உண்டு. ஒரு வீட்டார் சொன்னது அந்த வீட்டு நினைவகத்தோடு நின்றுவிடும். விரலால் தள்ளி அடுத்த வீட்டுக்கு மாறினால், முந்தைய வீடு என்று ஒன்று இருந்ததே அதற்குத் தெரியாது. இங்கே கேட்டதை அங்கே சொல்லாதவர் என்றுதான் தெய்வநாயகத்துக்கும் ஊரில் பெயர். இரண்டு வருடமாக அவரிடம் பெண் பார்க்கச் சொல்லியிருந்த ஒரு குடும்பம், போன வாரம் அவர் மகளையே கேட்டது.

சுகந்தி எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, பையனுக்கு ஏதாவது குறை இருக்கா?"

திரையில் மாப்பிள்ளை வீட்டு நினைவகம் திறந்திருந்தது. பையனின் அம்மா அழுதுகொண்டே சொன்ன ஒரு விஷயமும் அதில் இருந்தது. தெய்வநாயகம் விரலால் தள்ளித் தன் வீட்டு நினைவகத்துக்கு மாறினார். பிறகு மகள் கேட்டதை, அவள் காதுபட, அப்படியே அதனிடம் கேட்டார்.

"குறை இருப்பதாக என்னிடம் எந்தத் தகவலும் இல்லை" என்றது அது.

அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"நான் அதுகிட்ட கேக்கலப்பா" என்றாள் சுகந்தி.