தொப்பிக்காரரின் கேள்விகள்

"சார், முன்னால வந்து நிக்காதீங்க. எல்லாரோடயும் சேர்ந்து வாங்க" என்றாள் வழிகாட்டி, கையிலிருந்த சிவப்புக் கொடியை அவர் மூக்குக்கு நேரே ஆட்டி.

"காது கொஞ்சம் மந்தம். பக்கத்துல நின்னாத்தான் கேக்கும்" என்றார் தொப்பிக்காரர். நகர்ந்த பாடில்லை.

ஒன்பது பேர் கொண்ட கூட்டத்தில் கடைசியாக நின்ற நர்ஸம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். 'பழைய நகரில் ஆற்றோரமாக ஓர் எளிய நடை. ஏற்றம் இல்லை, படிகள் இல்லை, ஒன்றரை மணி நேரம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்தாள். படிகள் இல்லைதான். இப்படி ஓர் இம்சை உண்டு என்று மட்டும் போடவில்லை.

டிக்கெட் கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் வேறு காதோடு காதாகச் சொல்லியிருந்தாள். "அந்தத் தொப்பிக்காரர் இன்னியோட அஞ்சாவது நாளா வர்றார். அதே நடை, அதே வழி."

அதே வழிகாட்டி என்று மனதுக்குள் சேர்த்துக்கொண்டாள் நர்ஸம்மா. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் பார்வையாளர்களை மேய்த்தவள். நோயாளிக்கு ஆப்பிள் கொண்டுவந்தேன் என்ற சாக்கில் நர்ஸ்களைப் பார்க்க வருகிற ஆசாமிகளை வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவாள். ஐம்பத்தைந்து வயது வழிகாட்டியைக்கூட விட்டுவைக்க மாட்டார்களா இவர்கள்?

கூட்டம் கல் பாலத்துக்கு வந்தது.

"முந்நூறு வருஷத்துக்கு முன்னால ஒரு வெள்ளத்துல இந்தப் பாலம் நடுவுல உடைஞ்சுபோச்சு. திரும்பக் கட்ட ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள் வழிகாட்டி.

தொப்பிக்காரர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினார். "அதுவரைக்கும் இந்தக் கரையில இருந்தவங்க அந்தக் கரையில இருந்தவங்களோட எப்படிங்க பேசிக்கிட்டாங்க?"

"பேசிக்கல சார்."

"ரெண்டு வருஷமுமா?"

"பேசாததால யாரும் செத்துப்போகல. நல்லாத்தான் இருந்தாங்க. அடுத்த இடத்துக்குப் போகலாமா?"

கூட்டம் சிரித்தது. 'சபாஷ், சரியான சூடு' என்று நினைத்தாள் நர்ஸம்மா. ஆனால் தொப்பிக்காரருக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை. முகம் மலர நடந்தார்.

அடுத்தது ஆற்றைப் பார்த்த பழைய அரண்மனை. வழிகாட்டி கொடியால் மேலே காட்டினாள். "அதோ மூடியிருக்கே, அது ராணியோட ஜன்னல். ராணி ஆசை ஆசையா ஒரு எலுமிச்சை மரம் வளர்த்தாங்க. ஆத்தை மறைக்குதுன்னு ராஜா ஒருநாள் அதை வெட்டிப் போட்டுட்டார். ராணிகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அன்னிக்கு மூடின ஜன்னல்."

நர்ஸம்மா டிக்கெட்டோடு கொடுத்த சிறு புத்தகத்தைப் புரட்டினாள். 'புறாத் தொல்லை காரணமாக ஜன்னல் மூடப்பட்டுள்ளது' என்றுதான் அதில் இருந்தது. பாவம், அந்த ஆள் கொடுக்கிற தொல்லையில் வழிகாட்டிக்கு வரலாறே தடுமாறுகிறது!

"ராஜா மன்னிப்புக் கேட்டிருப்பாரே?" என்றார் தொப்பிக்காரர்.

"கேட்டதுக்கு ஆதாரம் எதுவும் இல்ல."

"மனசுக்குள்ள கேட்டிருக்கலாம்..."

"மனசுக்குள்ள கேட்டதெல்லாம் கணக்குல சேராது சார்." வழிகாட்டி கொடியை வெடுக்கென்று கீழே இறக்கினாள்.

நர்ஸம்மாவின் முழங்கால் வலி எங்கோ போய்விட்டது. வார்டில் நின்ற காலத்து மிடுக்கு திரும்பி வந்திருந்தது.

கடைசி இடம் படகுத்துறை. எல்லோரும் கல் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். தொப்பிக்காரர் பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து வழிகாட்டியிடம் நீட்டினார். "வெந்நீர். பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கும்."

"டூரிஸ்ட்டுங்ககிட்ட நாங்க எதுவும் வாங்கக் கூடாது" என்று வழிகாட்டி ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவ்வளவுதான். நர்ஸம்மா எழுந்தாள்.

"ஏங்க, நானும் பார்த்துக்கிட்டே வர்றேன். வயசுக்கேத்த மாதிரி நடந்துக்கத் தெரியாதா உங்களுக்கு? ஒரு பொம்பள நாலு பேருக்கு முன்னால வேலை பார்த்தா, என்ன வேணாலும் கேக்கலாமா?"

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்த நர்ஸம்மா, சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து மளமளவென்று புகார் எழுதினாள். மற்ற ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கும் அந்த ஆள் மேல் அத்தனை கடுப்பு.

காகிதத்தை வழிகாட்டியிடம் நீட்டினாள். "பயப்படாதீங்கம்மா, நாங்க இருக்கோம். நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க. நாளையிலேர்ந்து இந்த ஆளுக்கு டிக்கெட்டே குடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கேன்."

வழிகாட்டி படித்தாள். முகம் வெளிறியது. காகிதத்தை நான்காக மடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, டிக்கெட்டை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா! இவர் என் வீட்டுக்காரர். மூணு வாரமா வீட்டுல நான் இவர்கிட்ட பேசறதில்லன்னு வீம்பா இருக்கேன், இவர் டிக்கெட் வாங்கிட்டு இங்க வந்தா மட்டும் நான் பதில் சொல்லியே ஆகணும்!"