மூக்குக்காரி

“அக்கா, கேஸ் வாடை ஏதாவது வருதா?”

காபிக்கடைக்காரி தும்மிக்கொண்டே கேட்டாள். கடையை அப்போதுதான் திறந்திருந்தாள். வெளியே மழை, ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. உள்ளே அவளையும் ‘மூக்குக்காரி’யையும் தவிர யாரும் இல்லை.

நகரத்துச் சின்னச் சின்னக் காபிக்கடைகளுக்குப் போய், பத்திரிகையில் மதிப்பெண் போடுகிறவள் மூக்குக்காரி. கோப்பையை முகர்ந்தே கொட்டை எப்போது வறுத்தது என்று சொல்லிவிடுவாள் என்பார்கள்.

“எனக்குச் சளி பிடிச்சிருக்குக்கா. மூக்கே அடைச்சுக் கிடக்கு. அடுப்புக் குழாய் வேற பழசு. உங்க மூக்குக்குத் தப்புமா? அதான் கேட்டேன்.”

மூக்குக்காரி கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்தாள்.

“காபி வாசனைதான் ஆளைத் தூக்குது. பயப்படாம அடுப்பைப் பத்த வை.”

“அப்பாடா! வயித்துல பாலை வார்த்தீங்க. இதோ, சூடா ஒண்ணு போடுறேன். மார்க்கை மட்டும் பார்த்துப் போடுங்க!”

சிரித்துக்கொண்டே உள்ளே போய், லைட்டரைத் தேடினாள்.

போன வருடம் வந்த காய்ச்சலுக்குப் பிறகு மூக்குக்காரிக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அன்றிலிருந்து பக்கத்து மேசைக்காரர்களின் முகத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறாள். இன்றைக்குப் பக்கத்து மேசை காலி.

“லைட்டர் கிடைச்சிருச்சுக்கா!”

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் குடையை மடக்கியபடி நுழைந்தார். மூக்குக்காரி ஆவலோடு அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் சட்டென்று மூக்கைப் பொத்தினார். குடையைக்கூட விரிக்காமல், மழையில் இறங்கி ஓடினார்.