காற்று பார்க்கப் போனவன்

"என்னங்க, தினமும் விடிஞ்சதும் முற்றத்துல நின்னு அப்படி என்னதான் பாக்கறீங்க?" என்று கேட்டாள் புருல்.

"காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு பாக்கறேன்," என்றான் குபாத்.

நாரின் மலையில் மூன்று மாதமாகப் பனி. காற்று எந்தப் பக்கம் வீசினால் இவனுக்கென்ன? அவன் பார்ப்பதோ எப்போதும் மேற்கே, தனிக்கட்டையான அண்ணன் சபரலியின் வீட்டுப் பக்கம். குளிர்காலக் கறிக்குக் குதிரை அறுத்த விருந்தில், மரியாதைப் பங்காகத் தம்பிக்கு வரவேண்டிய தொடை எலும்பை அண்ணன் மறந்துபோய் வேறு தட்டில் வைத்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

"உங்கண்ணன் வீட்டைத்தானே?"

"அவர் பேச்சை எடுக்காதே!"

மறுநாள் வெளியே போனவன் போன வேகத்தில் திரும்பினான். ஒரு மூட்டை வறட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். இடுப்பளவு பனியில் புருலும் பின்னாலேயே ஓடினாள். ஊரில் எல்லாக் கூரையிலும் புகை. சபரலி வீட்டில் மட்டும் இல்லை.

கதவைத் தள்ளினார்கள். அடுப்பின் மேல் பானைத் தண்ணீர் உறைந்து கிடந்தது. மூன்று கம்பளிக்குள் சபரலி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வறட்டி கூரை வரை அடுக்கியிருந்தது.

"அண்ணா! இவ்வளவு வறட்டி இருக்கே, ஏன் பத்த வைக்கல?"

"பத்த வச்சா நீ வருவியாடா? தினமும் என் கூரையை நீ பாக்கறதை நானும் ஜன்னல்ல பாத்துட்டுதானே இருக்கேன். சீக்கிரம் அடுப்பை மூட்டு. உனக்குன்னு எடுத்து வச்ச இன்னொரு தொடை எலும்பு அந்தப் பானைக்குள்ளதான் கிடக்கு, வேகட்டும்!"