மாப்பிள்ளை வீட்டுச் சேறு

இப்போதெல்லாம் பெண் கொடுக்க வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதில்லை. நீர் வற்றும்போது, அந்த வீட்டின் பேரில் உள்ள கடல்தரையைத்தான் பார்க்கிறார்கள். புழு துளைத்துக் கிளறாத சேறு கறுத்து நாறுமே, அங்கே யார் பெண் கொடுப்பார்?

வியாகுலத்தம்மாள் தன் சேற்றுப் புழுக்களையெல்லாம் தூண்டில்காரர்களுக்கு இரையாக விற்றுத் தின்ற கதை ஊருக்கே தெரியும். மகனுக்குச் சம்பந்தம் வருகிறதென்றதும், விடியலிலேயே குடைக்கம்பியால் சேறு முழுக்கத் துளை போட்டுவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, கோலப்புள்ளி மாதிரி வரிசை!

பெண்ணின் தாய் குனிந்து பார்த்தாள். “துளையெல்லாம் அழகாத்தான் இருக்கு மைனி. புழு வெளியே தள்ளுன மண்ணைக் காணோமே?”

“எங்க புழு கொஞ்சம் சுத்தக்காரப் புழு” என்றாள் வியாகுலம், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி.

வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கரையேறினார்கள். மகன் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. தாயின் முகத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு துளையாகக் காலால் மூடிக்கொண்டே போனான்.