கைப்பையில் கொஞ்சம் இடம்

கண்ணுக்கு லேசர் சிகிச்சை முடிந்த பிறகும் பூங்குழலி டீச்சர் தூரத்தைப் பார்க்கப் போட்டிருந்த பழைய மூக்குக்கண்ணாடியைக் கைப்பையிலேயே வைத்திருந்தார். பக்கத்தில் புதிதாகக் குடிவந்திருந்தது சொட்டு மருந்து பாட்டில்.

"உங்களுக்கு இன்னும் இங்க என்ன வேலை? தெருமுனையில வர்ற பஸ் நம்பரையே வெறும் கண்ணால படிக்கிறாங்களே," என்றது பாட்டில்.

டீச்சர் தூக்கிப் போட்டுவிடுவாரோ என்று பயந்து கிடந்த கண்ணாடி, பையின் மூலைக்கு ஒதுங்கியது.

அன்று மதியம் கண் வறண்டு உறுத்தவே, டீச்சர் பாட்டிலை எடுத்தார். அதன்மேல் இருந்த பொடி எழுத்தைப் படிக்கக் கிட்டே பிடித்தார், தள்ளிப் பிடித்தார். நாற்பத்தைந்து வயதுக் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் கைப்பைக்குள் புதுக் கண்ணாடி ஒன்று இறங்கியது.

"படிக்கிறதுக்கு வந்திருக்கேன். கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா?"

பாட்டில்தான் முதலில் நகர்ந்தது.