இலந்தைப் புதரின் கிழக்குப் பாதி

ஆறு மணிக்குப் பால் காய்ச்சிக் குடித்துவிட்டு அரிவாளோடு தோட்டத்துக்கு வருகிறேன். பறவைகளுக்கென்று நாங்கள் விட்டுவைத்த இரண்டு ஏக்கர் இது. மழை பெய்த கரிசல் செருப்பில் அப்புகிறது. கூலிக்கு வந்த செண்பகராஜ் அண்ணாச்சி கவைக்கம்பால் இலந்தை முள்ளைத் தூக்கிப் பிடிக்க, நான் தூரில் வெட்டுகிறேன். புதரின் மேற்குப் பாதி தரையாகி, அங்கே வெயில் விழுகிறது. அவர் கிழக்கே திரும்புகிறார். "கூடு வெறுமனே கெடக்கு, தம்பி. இதையும் வெட்டிருவமா? பாம்பு அடையும்லா." "இருக்கட்டும் அண்ணாச்சி." "போன தடவையும் இதத்தான் சொன்னிய. குருவிக்குப் பட்டா எழுதிக் குடுத்துட்டியளோ?" சிரிக்கிறார். நான் அரிவாளில் ஒட்டிய இலையை வழித்துப் போடுகிறேன். போன கார்த்திகையில், ஆஸ்பத்திரிக்குப் போக காரில் ஏறும்போது, இந்தப் புதரைப் பார்த்து என் மனைவி கடைசியாகச் சொன்னது: "குஞ்சு பறக்கட்டும். மிச்சத்த நான் வந்து வெட்டிக்கிடுதேன்."